கை ஏன் தடுமாறுகிறது? மனநல மருத்துவர் பதில்கள்

கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில் நான்கு, ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. சைக்கோசிஸ் எனப்படும் மனப்பிறழ்வு நோய் உள்ளவர்களின் கைகால் அசைவுகளில் தென்படும் சிறு தடுமாற்றங்களும், அவற்றுக்கும் மூளையின் அமைப்புக்கும் உள்ள தொடர்பும்தான் அந்தப் பொருள். ஆகவே இம்முறை பிற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இந்த நான்கையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. யாரோ தன்னைப் பற்றிப் பேசும் குரல் கேட்பதாக ஆறு மாதமாகச் சொல்லிவந்தான். சாப்பாட்டில் எதையோ கலக்கிறோம் என்று எங்களையே சந்தேகப்பட்டான். மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அவர் அவனை மேசைமீது கையை முஷ்டியாகவும், பிறகு கையின் ஓரத்தாலும், பிறகு உள்ளங்கையாலும் வைக்கச் சொன்னார். அவனுக்கு வரிசை மாறிமாறிப் போனது. சீட்டில் ‘சாஃப்ட் சைன்ஸ்’ என்று எழுதினார். ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் கை ஏன் தடுமாறுகிறது? மூளையில் சேதம் ஏதேனும் உண்டா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

பக்கவாதத்தில் ஏற்படுவது போன்ற சேதம் உங்கள் மகனுக்கு இல்லை. முதலில் அந்த அச்சத்தை விட்டுவிடுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு பக்கக் கையும் காலும் பலமிழக்கும். எந்த இரத்தக்குழாய் அடைபட்டது, மூளையின் எந்த இடம் பாதிக்கப்பட்டது என்று நரம்பியல் மருத்துவரால் விரல்வைத்துக் காட்டிவிட முடியும். அத்தகைய தெளிவான குறிகளிலிருந்து வேறுபடுத்துவதற்காகத்தான், இப்படி ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாத மெல்லிய தடுமாற்றங்களை மென் நரம்பியல் குறிகள் என்கிறோம். மருத்துவமனைப் பேச்சில் ‘சாஃப்ட் சைன்ஸ்’ என்பது அதுதான். கையில் பலம் இருக்கும், உணர்வும் இருக்கும். ஆனால் அசைவின் வரிசை, தாளம், வழுவழுப்பு ஆகியவற்றில் குறை தெரியும்.

உங்கள் மகனிடம் செய்யப்பட்ட பரிசோதனை, ரஷ்ய நரம்பியல் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவின் பெயரால் வழங்குவது. மருத்துவர் முதலில் வாயால் எதுவும் சொல்லாமல் தம் கையால் சில தடவை செய்துகாட்டுவார். முஷ்டி, ஓரம், உள்ளங்கை, மறுபடியும் முஷ்டி. அதன்பின் நோயாளி அதையே நிறுத்தாமல் தொடர்ந்து செய்ய வேண்டும். பார்ப்பவருக்கு இது குழந்தை விளையாட்டு போலத் தோன்றும். ஆனால் மருத்துவரின் கண் பலவற்றைக் கவனித்துக்கொண்டிருக்கும். நான்காவது சுற்றிலேயே ஓரம் விடுபட்டு முஷ்டியிலிருந்து நேராக உள்ளங்கைக்குத் தாவுகிறதா, முஷ்டி முழுதாக மூடாமல் பாதியிலேயே அடுத்த நிலைக்குப் போகிறதா, உதடுகள் முணுமுணுத்து வரிசையை நினைவுபடுத்திக்கொள்கின்றனவா, சும்மா இருக்க வேண்டிய மற்றொரு கையும் கூடவே அசைகிறதா என்பனவெல்லாம் குறிப்பில் ஏறும்.

இதுபோல இன்னும் பல பரிசோதனைகள் உண்டு. கட்டைவிரலால் மற்ற விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தொடுவது, உள்ளங்கையையும் புறங்கையையும் மாற்றிமாற்றி வேகமாகத் தட்டுவது, குதிகாலை முன்காலின் விரலோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடப்பது ஆகியவை அசைவைச் சோதிப்பவை. கண்ணை மூடிய நிலையில் கையில் வைத்த பொருள் நாணயமா, சாவியா, பொத்தானா என்று தடவிச் சொல்வதும், உள்ளங்கையில் விரலால் எழுதிய எண்ணைக் கண்டறிவதும் புலனுணர்வுகளை மூளை ஒருங்கிணைக்கும் திறனைச் சோதிப்பவை. அமெரிக்க மருத்துவர்கள் புக்கானனும் ஹைன்ரிக்ஸும் 1989இல் இத்தகைய 26 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து, மதிப்பெண் இடும் ஓர் அளவுகோலாக வெளியிட்டார்கள். உலகெங்கும் ஆய்வுகளில் அது இன்றும் பயன்படுகிறது.

மனப்பிறழ்வு நோய்களில் ஒன்றான மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களில் 50 முதல் 65 சதவீதத்தினரிடம் இக்குறிகள் காணப்படுவதாகவும், நோயற்றவர்களில் இது சுமார் 5 சதவீதம் என்றும் இதே இருவர் 1988இல் எழுதிய மதிப்பாய்வு கூறுகிறது. நோயற்றவர்களிடமும் இருக்கும் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் என் ஆசிரியர் இந்த முஷ்டிப் பரிசோதனையை எங்களையே இடக்கையால் செய்யச் சொன்னபோது, ஆறாவது சுற்றில் நான் வரிசையைத் தவறவிட்டேன். வகுப்பே சிரித்தது. எனவே ஒரு குறியை மட்டும் வைத்து எந்த நோயையும் தீர்மானிப்பதில்லை. உங்கள் மகனின் நோயை மருத்துவர் கண்டறிந்தது குரல்களையும் சந்தேகத்தையும் கொண்டுதான், கையைக் கொண்டு அல்ல.

இனி ஸ்கேன் பற்றி. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்கும் கதிரியக்க மருத்துவர் தேடுவது கட்டி, இரத்தக்கசிவு, பழைய பக்கவாதத்தின் தழும்பு போன்றவற்றை. அவை இல்லையென்றால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவார், அது சரியே. ஆய்வாளர்கள் சொல்லும் வேறுபாடுகள் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை அல்ல. பல நோயாளிகளின் படங்களையும் பல நோயற்றவர்களின் படங்களையும் கணினியில் அளந்து, சராசரிகளை ஒப்பிடும்போது மட்டுமே அவை வெளிப்படும். இரண்டு ஊர்ப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு மாணவர்களின் சராசரி உயரம் ஒரு சென்டிமீட்டர் வேறுபடலாம். அதற்காக ஒரு மாணவனை நிறுத்திவைத்து, அவன் எந்த ஊர்ப் பள்ளியைச் சேர்ந்தவன் என்று உயரத்தைக் கொண்டு சொல்லிவிட முடியுமா?

மருத்துவர் அதைச் சீட்டில் குறித்துவைத்ததற்குப் பயன் உண்டு. நோய் தணியும்போது பலருக்கு இந்தத் தடுமாற்றமும் குறைகிறது. சிலருக்கு மட்டும் அப்படியே நிலைத்துவிடுகிறது. அவர்களுக்குக் குணம் தெரியக் கூடுதல் காலம் பிடிப்பதுண்டு. அடுத்த முறை அதே பரிசோதனையைச் செய்து ஒப்பிட முதல் நாள் குறிப்பு வேண்டும். இடைப்பட்ட நாட்களில், சட்டைப் பொத்தான் போட உங்கள் மகன் நேரம் எடுத்துக்கொண்டாலோ, தம்ளர் கைநழுவி விழுந்தாலோ, ‘கவனமே இல்லை’ என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: உளவியல் முதுகலை படிக்கிறேன். மென் நரம்பியல் குறிகளுக்கும் மூளையின் எந்தெந்தப் பகுதிகளுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன? அது நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று எப்படிப் பிரித்தறிகிறார்கள்?
— ஒரு மாணவி, கோயம்புத்தூர்

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்குள் நுழைய முடியாது. மனப்பிறழ்வுக்கான முதல் மருந்தாகிய குளோர்புரோமசின் 1952இல்தான் மனநல மருத்துவத்துக்கு வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின், இந்நோயாளிகளின் அசைவுகளில் இயல்பான நளினம் குன்றியிருப்பதை எழுதிவைத்திருந்தார். அண்மைக் காலத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள், அதுவரை ஒரு மாத்திரைகூட உட்கொண்டிராத மனச்சிதைவு நோயாளிகளைப் பரிசோதித்து, அவர்களிடமும் நோயற்றவர்களைவிட இக்குறிகள் மிகுதியாக இருப்பதை 2003இல் வெளியிட்டனர். மேலைநாடுகளில் மருந்தே எடுக்காத நோயாளிகளைக் கண்டுபிடிப்பது அரிது. நம் நாட்டிலோ பலர் சிகிச்சைக்கு வருவதே ஆண்டுக்கணக்கில் தாமதமாகத்தான். அந்த அவலத்திலிருந்து அறிவியலுக்குக் கிடைத்த ஒரு நன்மை என்று இதைச் சொல்லலாம், அதில் பெருமைப்பட ஏதுமில்லை என்றாலும்.

மூளையின் அமைப்பைப் பொறுத்தவரை, ஈவ் ஜான்ஸ்டோனும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தின் நார்த்விக் பார்க்கில் செய்து 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒரு திருப்புமுனை. அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனைக் கொண்டு, நெடுநாள் நோயாளிகள் 17 பேரின் மூளைக்குள் இருக்கும் நீர் நிறைந்த அறைகள் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை அவர்கள் காட்டினார்கள். அறைகள் பெரிதாயின என்றால் சுற்றியுள்ள மூளைப்பகுதி சற்றுக் குறைந்திருக்கிறது என்று பொருள். ஆனால் எந்தப் பகுதி என்பதை அந்தப் படம் சொல்லவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை தேடியது, லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் நகரங்களில் முதன்முறையாக மனப்பிறழ்வுக்கு ஆளானவர்களைத் தொடர்ந்த ‘ஈசாப்’ என்னும் பெரிய ஆய்வின் ஒரு பகுதி. பாவ்லா டாஸானும் குழுவினரும் அதை 2004இல் வெளியிட்டார்கள். 77 நோயாளிகளை மென் குறிகளுக்காகப் பரிசோதித்து, எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டபோது, குறிகள் மிகுந்தவர்களுக்கு மூளையின் ஆழத்தில், அடித்தளத்தில் உள்ள புட்டாமென், குளோபஸ் பாலிடஸ், தலாமஸ் ஆகியவற்றின் நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. புலன் ஒருங்கிணைப்பில் தடுமாறியவர்களுக்கு இதற்கும் மேலாகப் பெருமூளையின் வெளியடுக்காகிய புறணியின் சில மடிப்புகளிலும் குறைவு தென்பட்டது.

இந்த மூன்று உறுப்புகளும் ஏன் என்பதற்கு ஒரு கோலத்தைக் கற்பனை செய்யுங்கள். புள்ளிவைத்துச் சிக்குக் கோலம் போடும் பெண்ணின் விரல்கள் ஒரு வளைவை முடிக்கும்போதே அடுத்த வளைவுக்குத் தயாராகின்றன. முடிந்ததை நிறுத்தவும் வரப்போவதைத் தொடங்கவும் ஒரே கணத்தில் கட்டளை போக வேண்டும். மாவு எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்ற உணர்வு உடனுக்குடன் திரும்பி வரவும் வேண்டும். பெருமூளைப் புறணியிலிருந்து கிளம்பும் திட்டம் புட்டாமெனுக்குச் சென்று, அங்கிருந்து பாலிடஸ் வழியாகத் தலாமஸை அடைந்து, மீண்டும் புறணிக்கே திரும்பும் சுற்று இந்த வேலையைச் செய்கிறது. எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்னும் வடிகட்டல் அங்கேதான் நடக்கிறது. முஷ்டி, ஓரம், உள்ளங்கை என்ற வரிசையில் ஓரம் விடுபட்டுப் போவதும், வலக்கைக்கான கட்டளைக்கு இடக்கையும் சேர்ந்து அசைவதும், இந்த வடிகட்டல் தளர்ந்ததன் வெளித்தோற்றமாகவே பார்க்கப்படுகின்றன.

சிறுமூளையை மறந்துவிடக் கூடாது. அசைவின் நேரக்கணக்கு அதன் பொறுப்பு. தலாமஸ் வழியாகப் பெருமூளையோடு அதற்கும் ஒரு சுற்று உண்டு. அமெரிக்க மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசென் 1990களின் இறுதியில் ஒரு கருத்தை முன்வைத்தார். சிறுமூளைக்குக் கேடு வந்தவரின் கை பொருளை எட்டும்போது அளவு தவறுவதைப்போல, மனச்சிதைவில் இதே சுற்றின் கோளாறால் எண்ணமே அளவு தவறுகிறது என்பது அவருடைய வாதம். என்னைக் கேட்டால், கையும் எண்ணமும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற இந்தப் பார்வையே மென் குறிகளை அக்கறையோடு பார்க்க வைக்கிறது. இல்லாவிட்டால் அவை மருத்துவக் கோப்பில் ஒரு வரியாக மட்டும் நின்றுவிடும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்கு உதவும். 2016இல் வெளியான எனிக்மா கூட்டாய்வு, 15 மையங்களிலிருந்து 2,028 மனச்சிதைவு நோயாளிகளையும் 2,540 நோயற்றவர்களையும் ஒப்பிட்டது. அதில், நோயாளிகளுக்கு நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ், தலாமஸ் முதலியவை சிறிதாக இருந்தன. ஆனால் பாலிடஸ் சிறிதாக இல்லை, பெரிதாக இருந்தது. ஈசாப் ஆய்வுக்கு இது முரண்போலத் தோன்றும். ஈசாப் கேட்டது வேறு கேள்வி. அது நோயாளிகளுக்குள்ளேயே குறிகள் மிகுந்தவரையும் குறைந்தவரையும் ஒப்பிட்டது, அதுவும் நோயின் முதல் கட்டத்தில். எனிக்மாவில் இருந்தவர்களில் பலர் நீண்டகாலம் மருந்து எடுத்தவர்கள். நோயின் ஆண்டுகள் கூடக்கூடப் பாலிடஸின் அளவும் கூடியிருந்தது. பழைய தலைமுறை மருந்துகள் புட்டாமென், பாலிடஸ் போன்ற அடித்தள உறுப்புகளைப் பெரிதாக்குவது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆகவே நீங்கள் எந்த ஆய்வைப் படித்தாலும், அதில் இருந்தவர்கள் எத்தனை காலம் மருந்து எடுத்தவர்கள் என்ற வரியை முதலில் தேடுங்கள். டாஸான் குழுவே பின்னர் நோயற்றவர்களை ஆராய்ந்தபோது, குறிகள் மிகுந்தவர்களுக்குப் புறணியின் முன்பகுதியிலும் பக்கவாட்டிலும் குறைவு தெரிந்ததே தவிர, அடித்தள உறுப்புகளில் மாற்றம் தெரியவில்லை. நோயாளிகளுக்கு உரிய தடயம் அடித்தள உறுப்புகளில் இருக்கலாம் என்று எண்ண இது இடம் தருகிறது.

கேள்வி: என் தங்கை ஓராண்டாக மனச்சிதைவுக்கு ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடுகிறாள். குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் கை நடுங்குகிறது, முகத்தில் சிரிப்பே இல்லை, நடக்கும்போது கை வீசுவதில்லை. நீங்கள் சொல்லும் மூளைக் குறிகள்தாமா இவை? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— ஓர் அண்ணன், மதுரை

நிறுத்தாதீர்கள். நீங்கள் விவரிப்பவை மென் குறிகள் அல்ல, மருந்தின் பக்கவிளைவுகளாக இருக்கவே பெரிதும் வாய்ப்புண்டு. டோபமைன் என்னும் வேதிப்பொருளின் செயலைக் கட்டுப்படுத்துவதன்மூலமே இம்மருந்துகள் குரல்களை அடக்குகின்றன. முந்தைய பதிலில் சொன்ன புட்டாமெனிலும் அதே டோபமைன்தான் வேலை செய்கிறது. அங்கே அது குறையும்போது பார்க்கின்சன் நோயைப் போன்ற தோற்றம் வருகிறது.

இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் உங்கள் தங்கையின் முழங்கையைத் தளர்வாகப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்ப்பார். பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்வதுபோல விட்டுவிட்டுத் தடை தெரிந்தால் அது மருந்தின் வேலை. மென் குறிகளில் அத்தகைய விறைப்பு இராது. கை ஓய்வாக இருக்கும்போது நடுக்கமும் இராது. வரிசையாகச் செய்ய வேண்டிய காரியத்தில் மட்டும் தடுமாற்றம் வரும். கையெழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் எழுதிய மளிகைச் சீட்டும் இன்று எழுதியதும் கிடைத்தால் எடுத்துச் செல்லுங்கள். மருந்து அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், நடுக்கத்துக்கு ட்ரைஹெக்சிபெனிடில் போன்ற மாத்திரையைச் சில காலம் சேர்க்கலாம். இந்த மாத்திரை சிலருக்கு மறதியையும் மலச்சிக்கலையும் தரக்கூடியது என்பதால், கடையில் தானாக வாங்கித் தொடரக் கூடாது.

அவர் ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால்களை மாற்றிமாற்றி வைத்து அலைகிறார் என்றாலோ, வாயும் நாக்கும் தாமாக அசைகின்றன என்றாலோ, அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே காட்டுங்கள். பின்னது நாட்பட்டால் மருந்தை நிறுத்தினாலும் நிலைத்துவிடக்கூடியது.

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு இருந்தது. இப்போது என் மகன் வயிற்றுப் பேரன் 15 மாதமாகியும் தனியாக நடக்கவில்லை, பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். குழந்தைப் பருவத்திலேயே அசைவுகளில் இந்நோய் தெரியும் என்று எங்கோ படித்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஸ்கேன் வேண்டாம், ஐயா. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளை அளந்து வகுத்த கணக்கின்படி, துணையின்றி நடக்கத் தொடங்குவது 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டியும் இயல்பான எல்லைக்குள்ளேயே அடங்கும். பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளை விரைவில் கைவிடுவான். 18 மாதமாகியும் நடக்காவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், மனநல மருத்துவரிடம் அல்ல.

நீங்கள் படித்தது பொய்யல்ல. 1946 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 4,746 குழந்தைகளை 43 வயதுவரை தொடர்ந்த ஆய்வில், பிற்காலத்தில் மனச்சிதைவுக்கு ஆளான 30 பேர் மற்றவர்களைவிட நடக்கத் தாமதித்திருந்தது தெரியவந்தது. தாமதம் எவ்வளவு? சராசரியாக 1.2 மாதம், அதாவது ஐந்து வாரம். தாமதமாக நடந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த நோயும் வரவில்லை. அமெரிக்காவில் எலைன் வாக்கர், நோயுற்றவர்களின் வீடுகளில் அவர்கள் குழந்தையாய் இருந்தபோது எடுக்கப்பட்ட படச்சுருள்களைத் தேடிவாங்கி, நோயற்ற உடன்பிறந்தவர்களின் அசைவுகளோடு ஒப்பிட்டார். 1994இல் வெளியான அந்த ஆய்வில், முதல் இரண்டு வயதுக்குள் கைகளின் நிலையில், குறிப்பாக இடப்பக்கத்தில், சிறு கோணல்கள் தெரிந்தன. அதன்பின் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. இவையெல்லாம் நோயின் வேர் மூளை வளரும் பருவத்திலேயே இருக்கலாம் என்று ஆய்வாளருக்கு உணர்த்துபவை. ஒரு பேரனின் எதிர்காலத்தைச் சொல்பவை அல்ல.

உறவின் தொலைவையும் கணக்கில் கொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில் இருக்கும். பொதுமக்களில் அது நூற்றுக்கு ஒன்று. தாத்தாவின் தம்பி என்னும் தொலைவில், பொதுமக்களின் அளவைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். குழந்தையிடம் தேடிக்கொண்டிருப்பதைவிட, உங்கள் குடும்பத்தில் பதின்வயதைக் கடந்துகொண்டிருக்கும் யாரேனும் உறக்கமிழந்து, நண்பர்களை ஒதுக்கி, காரணமின்றிச் சந்தேகப்பட்டுப் பேசத் தொடங்கினால் கவனியுங்கள். எங்கே அழைத்துச் செல்வது என்று தெரியாவிட்டால், அரசின் டெலிமானஸ் உதவி எண்ணாகிய 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.